பெயரைக் கேட்டதும் பதறுவானேன்?



கொள்ளிடத்தின் வடகரையிலே, திருமானூரிலும் திருமழபாடியிலும் ஏலாக்குறிச்சியிலும் இந்த ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, "திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைத் தகராறு நமக்கெதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டென்பதை அறிவேன். கேட்கட்டும்! நமக்கு நெல் உண்டு, கரும்பு உண்டு, ஆற்றுமணலைப் பற்றிய கவலை உண்டு. அரியலூர்ப் பக்கம் திரும்பினால் சிமென்ட் ஆலைகளின் தூசும் உண்டு. ஆனால், ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த நம் வீட்டுப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறானே பேருந்து, அது எந்தத் திசை நோக்கிச் செல்கிறது? ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்குமன்றோ செல்கிறது! தங்கைமார் தங்கியிருக்கும் விடுதிகளும் அந்த நெடுஞ்சாலையோரத்திலன்றோ இருக்கின்றன! அங்கே அடிக்கிற காற்று இங்கே நம் திண்ணையிலும் வீசத்தான் செய்யும்.

2024 செப்டம்பர் 9 அன்று, சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலையிலே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். 2007 முதல் இயங்கிவரும் ஆலை. குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் தொலைக்காட்சிப் பெட்டியும் உருவாகும் இடம். ஏறத்தாழ 1,800 பேர் பணிபுரியும் அவ்வாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்து பந்தலின்கீழ் அமர்ந்தனர். ஒருநாள் இருநாள் அன்று, 37 நாள்! அக்டோபர் 15 அன்றுதான் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது.

அவர்கள் கேட்டதென்ன? ஊதிய உயர்வு கேட்டனர். எட்டு மணி நேர வேலை கேட்டனர். எல்லாவற்றுக்கும் மேலாக, தாங்கள் அமைத்த சங்கத்தைச் சங்கமென்று ஒப்புக்கொள்ளும்படி கேட்டனர். நிர்வாகமோ, "இந்த வட்டாரத்திலே மற்ற ஆலைகள் தரும் சராசரிச் சம்பளத்தைப்போல் 1.8 மடங்கு தருகிறோமே!" என்றது. நல்லது, அந்தக் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொண்டால் என்ன விளங்குகிறது? அக்கம்பக்கத்தாரைவிடக் கூடுதலாகச் சம்பளம் வாங்குகிறவன், அந்தச் சம்பளத்தையே 37 நாள் இழக்கத் துணிந்தான் என்றால், அவன் நெஞ்சிலே தைத்திருக்கும் முள் சம்பளச் சீட்டிலே மட்டும் இல்லை என்பதன்றோ விளங்குகிறது! ஒரு பொருளுக்குப் பத்துப் பதினைந்து வினாடிதான் என்று விரட்டுகிறார்கள், நாலைந்து மணி நேரம் ஓய்வின்றி நிற்க வைக்கிறார்கள், சங்கத்தை விட்டு விலகு என்று வீட்டார் வரையில் நெருக்குகிறார்கள் – இவை அத்தொழிலாளர்கள் செய்தியாளரிடம் வெளியிட்ட குறைகள். நிர்வாகம் மறுத்தது, தொழிலாளர் நலனே தன் தலையாய கடமை என்று பதிலிறுத்தது. யார் சொல் மெய் என்று விசாரிக்கத்தானே சங்கம் வேண்டும்! குற்றம் சாட்டப்பட்டவரே நடுவராக அமர்ந்து, "குற்றமில்லை" என்று தீர்ப்பளித்துக்கொள்ளும் மன்றம் உலகிலே வேறெங்கேனும் உண்டோ?

இனிமேல்தான் வேடிக்கை. சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது நிறுவனம் எழுப்பிய தடை யாது தெரியுமா? சங்கத்தின் பெயரிலே 'சாம்சங்' என்ற சொல் இருக்கிறதாம். அது தன் வணிகச் சின்னமாம். அதைத் தொழிலாளர் பயன்படுத்தலாகாதாம்! ஆகா, என்னே நுட்பம்! அந்தப் பெயர் பொறித்த சீருடையை அணியலாம். அந்தப் பெயர் தாங்கிய அட்டையைக் கழுத்திலே தொங்கவிடலாம். அந்தப் பெயரை ஆயிரமாயிரம் பெட்டிகளிலே ஒட்டி ஊரெங்கும் அனுப்பலாம். ஆனால் "நாங்கள் அங்கே வேலை செய்பவர்கள்" என்று தங்களைக் குறித்துக்கொள்ள மட்டும் அந்தப் பெயரைச் சொல்லலாகாது! மாட்டுக்குச் சூடு போட்ட குறி மாட்டின் சொத்தாகாது என்பது போலன்றோ இருக்கிறது இந்த வாதம்!

சட்டம் என்ன சொன்னது? 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி, ஏற்கெனவே பதிவான வேறொரு தொழிற்சங்கத்தின் பெயரோடு ஒத்திருந்தால் பெயரை மாற்றச் சொல்லலாம். கம்பெனியின் விளம்பரப் பெயரோடு ஒத்திருந்தால் மாற்றச் சொல்லலாம் என்று அங்கே ஒரு வரியும் இருந்ததில்லை.

அந்தச் சட்டம் பிறந்த கதை நம் நாட்டுக் கதை, தோழர்களே. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியாவும் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் திரு.வி.க.வும் அதற்குத் துணைநின்றனர். பெரம்பூர் பின்னி ஆலைத் தகராறு முற்றியபோது, வெள்ளை முதலாளிமார் உயர்நீதிமன்றம் சென்று, வாடியா முதலானோர்மீது தடையாணை பெற்றனர். தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டுவதே ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டும் குற்றம் என்று அன்று வாதிக்க இடமிருந்தது! அந்த அநீதியைக் கண்டுதான் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்ற குரல் மத்திய சட்டசபையிலே எழுந்தது, 1926இல் சட்டமாயிற்று. சென்னை ஆலைத் தொழிலாளரின் துயரிலே முளைத்த உரிமையை, சென்னைக்கு அருகிலேயே, நூறாண்டு நெருங்கும் வேளையிலே, 'பெயர் சரியில்லை' என்று சொல்லி நிறுத்தி வைத்தனர்.

"வெளியாட்கள் தூண்டிவிடுகிறார்கள்" என்பது இன்னொரு பல்லவி. வாடியா நெசவாளியா? திரு.வி.க. தறி ஓட்டினாரா? வ.உ.சி. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளருக்காக நின்றாரே, அவர் அங்கே நூல் நூற்றவரா? நீதிமன்றத்திலே நிறுவனத்துக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் மட்டும் உள்ளாட்களோ? முதலாளிக்கு வெளியார் துணை வந்தால் அது ஆலோசனை. தொழிலாளிக்கு வந்தால் தூண்டுதல்!

கொரியாவைப் பாருங்கள். சங்கமே வேண்டாம் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்த குடும்பம் அது. அக்குடும்பத்தின் வாரிசு லீ ஜே யோங், 2020 மே 6 அன்று தன் நாட்டு மக்கள்முன் தலைவணங்கி மன்னிப்புக் கேட்டு, சங்கமற்ற நிர்வாகம் என்ற பேச்சு இனி எழாது என்று வாக்களித்தார். 2024 ஜூலையில் அங்குள்ள தொழிலாளர்கள் சங்கத்தின் பெயராலே வேலைநிறுத்தமும் செய்தனர். கொரிய மண்ணிலே ஒப்புக்கொண்ட உரிமை காஞ்சிபுரம் மாவட்டத்து மண்ணிலே தீட்டாகிவிட்டதோ?

அரசு என்ன செய்தது? மூன்று அமைச்சர்கள் பேச்சு நடத்தினர். அக்டோபர் 7 அன்று ஓர் உடன்பாடு அறிவிக்கப்பட்டது; மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றனர். கையெழுத்திட்டவர் யார்? வேலைநிறுத்தம் செய்த சங்கம் அன்று. வேறு ஒரு குழு! மணமகன் ஒருவன் இருக்க, மற்றொருவனுக்கு மாலை சூட்டிய கதை. அடுத்து வந்த நாட்களில் பந்தல் பிரிக்கப்பட்டது. சங்கத் தலைவர்கள் கைதாயினர். தொழிலாளர் நலம் பேசி வாக்குப் பெற்ற எந்த ஆட்சிக்கும் இது அழகன்று. நம் கூட்டணி, அவர் கூட்டணி என்று பார்த்துச் சொல்லவேண்டிய கருத்தும் அன்று. இதே ஆட்சிதான் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிவிட்டு, எதிர்ப்பு மூண்டதும், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சிங்காரவேலர் சென்னையிலே மே நாள் கொண்டாடிச் சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது! திருத்திக்கொள்ளத் தெரிந்த அரசு சுங்குவார்சத்திரத்தில் அதை மறந்தது ஏன்?

கடைசியில் நடந்தது என்ன? வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்ற பிறகு, 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவாயிற்று. அதே 'சாம்சங்' பெயரோடு! பதிவான மை உலருமுன், பிப்ரவரியிலே சங்கப் பொறுப்பாளர் மூவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். மீண்டும் உள்ளிருப்பு, மீண்டும் கொந்தளிப்பு. மே மாதத்திலே, மூன்றாண்டில் 18,000 முதல் 23,000 ரூபாய் வரை உயர்வு தரும் ஊதிய ஒப்பந்தம் வந்தது. "சங்கம் வந்தால் முதல் போடுகிறவன் ஓடிவிடுவான்" என்று பூச்சாண்டி காட்டினார்களே, அவர்கள் எங்கே? அந்த ஆலையிலே மேலும் 1,000 கோடி ரூபாய் முதலீடு வருகிறது என்று 2025 ஏப்ரலில் தொழில்துறை அமைச்சரே அறிவித்தார்!

பேருந்தேறும் தங்கைமாரைப் பற்றியும் ஒரு சொல். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலைப் பெண்களின் விடுதியிலே உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். இரவோடிரவாகப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகே, அவர்கள் படுக்கும் இடமும் உண்ணும் சோறும் உலகத்தார் கண்ணில் பட்டன. கண்ணாடி மாளிகையிலே கணினிமுன் அமர்ந்திருக்கும் தம்பிக்கும் இதே நிலைதான். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தொழிற்சங்கச் சட்டத்திலிருந்து விலக்கில்லை என்று தமிழக அரசு 2016லேயே தெளிவுபடுத்தியது. ஆயினும் அவன் தன்னைத் தொழிலாளி என்று எண்ணக் கூசுகிறான். 2025இல் டி.சி.எஸ். பன்னிரண்டாயிரம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது அந்தக் கூச்சம் அவனுக்கு என்ன பாதுகாப்பைத் தந்தது?

இப்போது களமும் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைத் தொழிலுறவுத் தொகுப்பு பிடித்துக்கொண்டது. பொதுப்பயன் பணிகளுக்கு மட்டும் கட்டாயமாயிருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு, இனி எல்லாத் தொழிலகத்துக்கும் 14 நாள். பாதிப்பேர் ஒன்றுசேர்ந்து விடுப்பு எடுத்தாலே அதுவும் வேலைநிறுத்தம். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் வேலைநிறுத்தத்துக்கே தடை. சுங்குவார்சத்திரத்துத் தோழர்கள் 37 நாள் அமர்ந்ததுபோல் இனி அமர்வது எளிதன்று.

ஆகவே திருமானூர் ஒன்றியத் தோழர்களுக்கு ஒரு வேலை. பொங்கலுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகளிடம் பணி ஆணையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அதிலே இருப்பது ஆலையின் பெயரா, ஆள்பிடிக்கும் ஒப்பந்தக்காரரின் பெயரா என்று படியுங்கள். அங்கே சங்கம் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் இவன் அதில் உறுப்பினனா என்று கேளுங்கள். கிடைத்த பதிலை ஒரு தாளிலே குறித்து, அடுத்த கிளைக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.