ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லா?

ஆங்கிலச் சொல் ஒன்று எத்தனைப் பொருளில் வழங்கினும், அத்தனைக்கும் தமிழில் ஒரே சொல்லைத் தேடிப் பிடித்து ஒட்டிவிட்டால் கலைச்சொல்லாக்கம் முடிந்தது எனக் கருதுவார் கற்றவருள்ளும் பலர் உளர். அத்தகைய ஒற்றைச் சொல் கிட்டாதபோது, 'தமிழில் சொல் இல்லை' என்று கைவிரித்து, அவ்வாங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதிவிடுகின்றனர். 'கெர்னல்' என்னும் சொல் இவ்விருவகைக் கேட்டிற்கும் ஒருங்கே இடமாகி நிற்கின்றது.

அச்சொல்லின் பிறப்பை முதலில் நோக்குக. ஆங்கிலத்தில் 'கார்ன்' என்பது கூலமணியைக் குறித்த பழஞ்சொல். அதனொடு சிறுமை உணர்த்தும் ஈறு சேர்ந்து பிறந்ததே 'கெர்னல்'. சிறுமணி என்பதே அதன் முதற்பொருள். அஃதாவது, அறிஞர் அவையில் பிறந்த சொல்லன்று. உழவன் களத்தில் பிறந்த சொல். செருமானியரும் தம் 'கெர்ன்' என்னும் கொட்டைப் பெயரையே உயிரணுவின் நடுவுக்கும் அணுவின் நடுவுக்கும் இட்டு வழங்குகின்றனர். இராபர்ட்டு பிரௌன் 1831-இல் உயிரணுவுள் கண்டதற்கும், இரதர்போர்டு 1911-இல் அணுவினுள் உண்டென நிறுவியதற்கும் ஆங்கிலத்தில் வழங்கும் 'நியூக்ளியசு' என்னும் இலத்தீனச் சொல்லுங்கூடக் கொட்டை என்னும் பொருளடியாகக் கிளைத்ததே. களத்துச் சொல்லை அறிவியலுக்கு ஏற்றப் பிறர் நாணவில்லை. தமிழனே நாணுகின்றான்.

இனித் தமிழ்க்களத்திற்கு வருவோர் காண்பது என்ன? நெல்லின் உமி நீங்கியது அரிசி, நொறுங்கியது நொய். மாங்கொட்டையை உடைத்தால் உள்ளிருப்பது பருப்பு. வேப்பங்கொட்டைக்கும் முந்திரிக்கொட்டைக்கும் அவ்வாறே. மக்காச்சோளத்திலோ, ஆங்கிலேயன் 'கெர்னல்' என்பது உட்பருப்பை அன்று, முழுக் கூலத்தையே. தமிழன் அதனை மணி என்பான். முற்றிய தேங்காயின் உலர்ந்த பருப்பு கொப்பரை. (இச்சொல்லின் மலையாள வடிவமே போர்த்துக்கீசியர் வாய்ப்பட்டு ஐரோப்பிய மொழிகளிற் குடியேறிற்று என்பதை, 'சொல் இல்லை' என்பார் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.) பனையிலோ இளங்காயின் உள்ளே நுங்கு, கொட்டை முற்றி முளைவிடுங்கால் அதனுள்ளே திரளும் வெண்டசை தவுண், யாழ்ப்பாணத்தார்க்கு அது பூரான். உள்ளிருக்கும் வன்மைக்குக் காழ் என்று பெயரிட்டு, அக்காழ் அகத்ததா புறத்ததா என்பது கொண்டே மரத்தையும் புல்லையும் மரபியலில் வகுத்துக் காட்டினார் தொல்காப்பியர்.

இத்துணைச் சொற்களும் இருக்க, எங்கும் 'கரு' என்றே எழுதிச் செல்வது ஒரு சோம்பல். விதையியலில் அது பெரும்பிழையாகவும் முடியும். பருப்பு வேறு, அதனுள் முளையாக எழவிருக்கும் கரு வேறு. கருவுக்கு உணவாக அமைந்த பகுதியும் பருப்பிலேயே அடங்கும். முழுமைக்கே கரு என்று பெயரிட்டுவிட்டால், உள்ளிருக்கும் கருவை மாணாக்கனுக்கு எச்சொல்லால் உணர்த்துவது? அவன் பொருளுணராது நெட்டுருச் செய்வான். பின்னர்த் தமிழில் அறிவியல் விளங்கவில்லை என்பான். பழி மொழியின் தலையில் விழும்.

ஆயினும் கரு என்பது முற்றும் விலக்கத்தக்கதன்று. அணுக்கரு, உட்கரு என அடைபெற்று வந்தவை நன்கு வேரூன்றிவிட்டன. கணிப்பொறியில் நினைவகத்தையும் செயற்பொழுதையும் நிரல்களுக்குப் பங்கிட்டு, பொறியுறுப்புகளுக்கும் அந்நிரல்களுக்கும் இடைநின்று ஆளும் நடுப்பகுதிக்கும் அவ்வழியே 'இயக்கக்கரு' எனலாம். 1991-இல் பின்லாந்து மாணாக்கர் இலினசு தோர்வால்டுசு வெளியிட்ட இலினக்சு இத்தகைய இயக்கக்கருவே. 'உள்ளீடு' என்னும் சொல் இதற்கு இன்னும் பொருந்தியிருக்கும். காயின் உள்ளே இருப்பதைக் குறித்த அப்பழஞ்சொல்லைக் கணிப்பொறிக்குள் இடப்படும் செய்திக்கு முன்னரே கொடுத்துவிட்டனர். கொடுத்ததை இனி மீட்பது குழப்பமே தரும்.

கணக்கியலில் நிலைமை வேறு. தொகையீட்டுச் சமன்பாட்டில் தொகையீட்டுக் குறியின் உள்ளே அமரும் சார்புக்கு 1904-இல் இல்பர்ட்டு 'கெர்ன்' என்றே பெயரிட்டார். அதனை 'அகச்சார்பு' எனின் பொருள் வெளிப்படை. இயற்கணக்கிலோ, ஒரு தொகுதியை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லுங்கால் சுழியாகவோ ஒன்றாகவோ ஒடுங்கிவிடும் உறுப்புகளின் கூட்டத்திற்கே 'கெர்னல்' என்று பெயர். அங்குப் பருப்பும் இல்லை, கருவும் இல்லை. 'சுழியகம்' என்றால் ஒன்றாக ஒடுங்குமிடத்துப் பிழைபடும். செயல்நோக்கி 'ஒடுங்குதொகை' என்பதே தக்கது. இதனினும் சிறந்தது காண்பார் காட்டுக.

கலைச்சொற் குழுவினர் ஆங்கில அகரமுதலியை விரித்து வைத்துக்கொண்டு அறைக்குள் அமர்வதோடு நில்லாது, செக்கடிக்கும், பண்ணுருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்டிரிடமும், பனங்காட்டுத் தொழிலாளரிடமும் சென்று வருதல் வேண்டும். பனையேறுவோர் தொகை குறைந்து வருகின்றது. தவுண் என்றால் என்னவென்று கேட்கும் பிள்ளைகள் ஊர்ப்புறத்திலேயே வந்துவிட்டனர்.