திரையில் ஓடும் ஊர்திகளும் மெய்ம்மையும்

போலச் செய்தல் கலையின் இயல்பு. போலச் செய்ததை ‘இதுவே மெய்’ என்று விலை கூறுதல் வணிகத்தின் இயல்பு. இவ்விரண்டும் பிரித்தறிய இயலாதவாறு கலந்து கிடக்கும் துறைகளுள் ஒன்று கணினிப் பந்தய விளையாட்டு ஆகும். சிறுவரின் பொழுதுபோக்குத்தானே என்று கற்றோர் இதனைப் புறக்கணிப்பர். ஆயின், மோட்டார் ஊர்திகளின் வரலாற்றை நூல்வழி அறிவோரிலும் திரைவழி அறிவோரே இன்று பலராவர். ஆதலின் திரையிலே காட்டப்படும் ஊர்தி மெய்யானதா என்னும் வினா அற்பமானதன்று.

யப்பானிய நிறுவனமாகிய பொலிபொனி டிஜிட்டலின் ‘கிரான் டூரிஸ்மோ’ என்னும் விளையாட்டு 1997 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உண்மையான சாரதியத்தைப் பாவனை செய்வது என்பதே அதன் விருதுவாக்கு. 2010 இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பு ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்களைக் கொண்டது எனப் பறைசாற்றப்பட்டது. அவற்றுள் ஏறத்தாழ 200 மட்டுமே புதிதாக, உள்ளும் புறமும் நுணுகி ஆக்கப்பட்டவை. எஞ்சிய 800 வரையிலானவை முந்திய தலைமுறைக் கருவிகளுக்கென ஆக்கப்பட்ட பழைய உருவங்கள். வெளியான வேளையில் அவற்றிற்குச் சாரதியின் இருக்கையிலிருந்து நோக்கும் காட்சி தானும் இருக்கவில்லை. 2013 இல் வந்த ஆறாம் பதிப்பிலும் அவை நீங்கவில்லை. 2017 இல் வெளியான ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ அப்பழைய உருவங்களை முற்றாகக் கைவிட்டபோது, கார்களின் தொகை இருநூறுக்கும் கீழே வீழ்ந்தது. ஆயிரம் என்ற பெருமையின் உள்ளீடு எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மறு நிறுவனத்தின் நிலையும் இதுவே. 2023 இல் வெளியான ‘போர்சா மோட்டர்ஸ்போர்ட்’ அடித்தளத்திலிருந்தே புதிதாகக் கட்டப்பட்டது என விளம்பரம் செய்யப்பட்டது. கார்கள் ஐந்நூறுக்கு மேல். ஆயினும் அவற்றுட் பல முன்னைய பதிப்புகளிலிருந்து எடுத்தாளப்பட்ட உருவங்கள் என்பதையும், அவற்றின் வடிவப் பிழைகளும் உடன் வந்துள்ளன என்பதையும் விளையாடுவோர் சுட்டிக் கண்டித்தனர்.

இதற்கு நிறுவனங்களின் சார்பாளர் கூறும் விடைகள் இரண்டு. ஒரு காரை முழுமையாக உருவாக்க மாதக்கணக்கான உழைப்பு வேண்டும் என்பது ஒன்று. அது மெய்யே. ஆனால், அவ்வுழைப்பைச் செய்ய இயலாதவர் தொகையைக் குறைத்திருக்கலாம். அல்லது பழையதைப் பழையதென்று முகப்பிலே கூறியிருக்கலாம். பழைமை குற்றமாகாது, பழையதைப் புதியதென விற்றலே குற்றம். விளையாட்டில் நுணுக்கம் எதற்கு என்பது மற்றையது. இதனைக் கூறுவோரே விளம்பரத்தில் நுணுக்கத்தைக் காட்டி விலை பெறுவோர். நுணுக்கத்திற்குப் பணம் பெற்றவர் பின்னர் நுணுக்கம் வேண்டியதில்லை என வாதிடுதல் முறையாகாது.

இனி, நுணுக்கம் என்பது யாது? மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். 1948 இல் அறிமுகமான அக்காரின் முன்கண்ணாடி நடுவே பிளவுபட்ட இருகூறானது. 1956 இலிருந்து அது ஒரே வளைந்த கண்ணாடியாயிற்று. இயந்திரமோ 918, 803, 948, 1098 கன சென்ரிமீற்றர் எனப் படிப்படியே மாறியது. பெயர் ஒன்று, ஊர்திகள் பல. பிளவுபட்ட கண்ணாடியையும் பிற்கால இயந்திரத்தையும் ஓர் உருவிற் பொருத்துபவர், தொழிற்சாலையில் என்றுமே பிறவாத ஒரு காரைப் படைத்து, அதனை வரலாறாக இளைஞர்க்குக் கையளிக்கின்றார்.

இத்தகைய வேறுபாடுகள் பித்தர்க்கே உரியன என நகைப்போர் மல்லாவியை நினைத்தல் வேண்டும். வவுனிக்குளத்தின் அயலில் அமைந்த அவ்விவசாய ஊரை 1996 இல் கிளிநொச்சியிலிருந்து பெயர்ந்தோர் பெருந்தொகையாக வந்தடைந்தனர். 1990 இல் போர் மீண்டும் மூண்டதிலிருந்தே வன்னிக்குள் எரிபொருள் செல்வது கடுமையாகத் தடுக்கப்பட்டிருந்தது. பெற்றோல் அரும்பொருளாகிய அந்நாளில் அம்மண்ணின் செம்பாட்டுத் தெருக்களில் ஓடியவை ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய முதுகார்கள், ஓட்டியது மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. அமுக்கம் மிகுந்த புதிய இயந்திரத்தில் அது முறையாக எரியாது தட்டும். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரமோ அதனை ஏற்றுக்கொண்டது. சிறிதளவு பெற்றோலால் இயக்கிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். வலு குறைந்தது; புகை மிகுந்தது; எனினும் நோயாளி வைத்தியசாலையை அடைந்தார். எந்த ஆண்டு இயந்திரம் எதனைத் தாங்கும் என்ற அறிவு அங்கே உயிர் காக்கும் அறிவாயிருந்தது.

எந்த நிறுவனத்தின் எந்த உருவிலே இந்த ஏ 40 உண்டு? திரையில் ஒரு மொறிஸ் மைனர் தோன்றினும் அது பளபளக்கும் இங்கிலாந்துக் காராகவே தோன்றும். வன்னியின் மெக்கானிக்குகள் அதன் காபரேற்றரிற் செய்த மாற்றம் அங்கே இராது. ஆனால் இக்குறைக்கு அந்நிய நிறுவனத்தை மாத்திரம் நோதல் நேர்மையன்று. 2009 இல் போர் முடிந்த கரையோரத்திலே கைவிடப்பட்ட வாகனங்கள் குவியல் குவியலாகக் கிடந்ததை உலகம் படங்களிற் கண்டது. தப்பியவற்றுட் பல பழைய இரும்பாயின. தமிழ்க் கல்வியுலகம் அவற்றை அளந்ததா? ஓட்டியோரின் வாய்மொழியைப் பதிந்ததா? பிறர் உருவாக்கிய பொய்யுருவைக் கண்டு சீறும் இளைஞர், தம் தந்தையர் ஓட்டிய காரின் மெய்யுருவை அறியாதிருத்தல் வெட்கத்துக்குரியது.

பரிகாரம் எட்டாத தொலைவில் இல்லை. 2014 இல் வெளிவந்த இத்தாலிய விளையாட்டாகிய ‘அசெற்றோ கோர்சா’ போன்றவற்றில், பயன்படுத்துவோர் தாமே உருவாக்கிய ஊர்திகளைச் சேர்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இயங்குகின்றது. எஞ்சியுள்ள ஓர் ஏ 40 ஐ அளந்து, அதன் அமுக்க விகிதத்தையும் மண்ணெண்ணெயில் அது இழந்த வலுவையும் கணித்து, முதிய மெக்கானிக்குகளின் கூற்றோடு ஒப்புநோக்கி ஓர் உருவை ஆக்குதல் மாணவர் சிலரால் முடியக்கூடிய பணி. ஆயிரம் பொய்யுருக்களைக் குவித்த நிறுவனங்களுக்கு அளவாற் பிழைபடாத அந்த ஒரு கார் தக்க மறுமொழியாகும். ஆனால் அதனை விளக்கிக் கூறவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அளவுநாடாவை இன்றே எடுத்தல் வேண்டும்.