முதலில் எதை மாற்றுவது?



கணிப்பொறியில் விளையாடுவதும் ஒரு பொருளா, அதற்கு நம் சங்க மலரில் இரண்டு பக்கமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நம் விடுதி அறைகளிலும் விஜய் நகர் வாடகை அறைகளிலும் ஊரிலிருந்து சுமந்து வந்த பழைய கணிப்பொறியை மேசைமேல் வைத்துக்கொண்டு, கையிலுள்ள சிறு தொகையை அதன் எந்த உறுப்பில் போடுவது என்று விழிக்கும் தமிழ் மாணவர் பலர் உளர் என்பதை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன். என்னை விழிக்க வைத்த பிழை எனக்குப் பணத்தை மட்டும் இழக்க வைக்கவில்லை. ஆகவேதான் எழுதுகிறேன்.

என் கணிப்பொறி 2017-இல் சென்னை ரிச்சித் தெருவில் பிறந்தது. அண்ணன் தன் முதல் போனஸில் வாங்கித் தந்தது. ஏழாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜி.பி. ராம், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்னும் சிறிய கிராபிக்ஸ் கார்டு. 2024-இல் முதுகலை படிக்கத் தில்லிக்கு வந்தபோது, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் என் காலடியில் போர்வை சுற்றிக் கிடந்தது அதுதான். அந்தக் கோடையையும் புழுதிக் காற்றையும் அது என்னோடு சேர்ந்தே தாங்கியது. பின் தடுமாறத் தொடங்கியது. வேலோரண்ட் ஆடும்போது எதிரி மூலை திரும்பும் அதே நொடியில் படம் உறைந்து நிற்கும். குழுவில் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

நண்பர்கள் அனைவரும் ஒரே குரலில், "கிராபிக்ஸ் கார்டை மாற்று" என்றனர். நானும் நம்பினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போக வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, காஷ்மீரி கேட்டில் ஊதா வழித்தடத்திற்கு மாறி நேரு பிளேஸ் போய்ச் சேர்ந்தேன். ரிச்சித் தெருவைப் பெரிதாக்கி நடுவில் ஒரு முற்றம் வைத்தால் அதுதான் நேரு பிளேஸ். அங்கே ஆர்.எக்ஸ். 580 கார்டு ஒன்று பழைய விலைக்குக் கிடைத்தது. ஈதரியம் என்னும் எண்ம நாணயத்தைத் தோண்ட இரவு பகலாக ஓடிய கார்டுகளுள் அதுவும் ஒன்று என்று பின்னால் ஊகித்தேன். 2022 செப்டம்பரில் அந்த நாணயம் கார்டுகளே தேவைப்படாத முறைக்கு மாறியது. வேலையிழந்த கார்டுகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைகளுக்கு வந்து குவிந்தன.

கார்டைப் பொருத்திய மூன்றாம் நாள் "பட்" என்று ஓர் ஒலி. தொடர்ந்து தீய்ந்த நாற்றம். போனது கார்டு அன்று. எவரும் பேச்செடுக்காத எஸ்.எம்.பி.எஸ். அது போகும்போது ஹார்டு டிஸ்க்கையும் உடன் அழைத்துச் சென்றது. அண்ணன் திருமணப் படங்களில் பாதி அதில்தான் இருந்தன. வேறு படி இல்லை. "ஏன்டா, பொங்கலுக்கு வரலியா?" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டான். தேர்வு என்று பொய் சொன்னேன். படங்களைப் பற்றி மதினியிடம் சொல்ல எனக்கு மேலும் இரண்டு மாதம் ஆயிற்று.

எரிந்துபோன அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்து அதன் மேல் ஒட்டியிருந்த தாளை அன்றுதான் படித்தேன். இயற்பியல் மாணவன் ஒருவன் எட்டு ஆண்டு படிக்காமல் விட்ட தாள்! பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. அதன் கீழ்ச் சிறிய எழுத்தில், 12 வோல்ட் கம்பியில் 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 168 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது ஏறக்குறைய முழுவதும் அந்தக் கம்பியிலிருந்துதான். பழைய கார்டுக்கு 75 வாட் போதும். புதிதாக வந்த விருந்தாளியோ தனியாகவே 185 வாட் கேட்பவர். மேலும், உள்ளே இருக்கும் மின்பகு கெப்பாசிட்டர்களின் ஆயுள் வெப்பம் 10 பாகை ஏறும்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. மே மாதத் தில்லியில், மேல்மாடி அறையில், அந்தப் பாதி எத்தனை முறை பாதியாகியிருக்கும்?

எனவே என் முதல் கருத்து இது: புதிய கார்டை நினைப்பதற்கு முன் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் தாளைப் படியுங்கள். பெரிய எழுத்தை அன்று, 12 வோல்ட் வரியை. '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் வீணாகும் அளவைத்தான் சொல்லும், பாதுகாப்பை முழுவதும் சொல்லாது. ஆயினும் முத்திரையே இல்லாத பெட்டியை விட அது மேல். புதிய கணிப்பொறி வாங்கும் நாளிலும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். உங்களோடு வரும். அது வீண் செலவு அன்று.

இனி எனக்கு வெட்கம் தரும் பகுதிக்கு வருகிறேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றி, புதிய கார்டை மீண்டும் ஓட்டி, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். பழைய கார்டில் வந்ததற்கும் இதில் வந்ததற்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை! அதன் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். விளையாட்டின் படத் துல்லியத்தை 1920-க்கு 1080 என்பதிலிருந்து 1280-க்கு 720 ஆகக் குறையுங்கள். படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால் சுமை கிராபிக்ஸ் கார்டின் மேல் இருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசஸர் திணறுகிறது. எனக்கு ஏறவில்லை. ஐந்து நிமிடச் சோதனை. காசு வேண்டாம். நான் ஆடும் விளையாட்டுக்குப் பழைய கார்டே போதுமானதாக இருந்திருக்கிறது.

மொத்த வேலையில் பத்தில் இரண்டு பங்கு நேரம் எடுக்கும் பகுதியை எவ்வளவுதான் விரைவாக்கினாலும் மற்ற எட்டுப் பங்கு அப்படியே நிற்கும் என்பதை அம்டால் 1967-இலேயே எடுத்துக்காட்டினார். வகுப்பில் அதற்கு மதிப்பெண் வாங்கியவன் நான். கடைக்குப் போகும்போது மட்டும் மறந்துவிட்டேன்.

பிராசஸர் ஏன் திணறியது? கேபினெட்டைத் திறந்தேன். தில்லியின் புழுதி ஒரு கம்பளிபோல் விசிறியைப் போர்த்தியிருந்தது. பிராசஸர் 100 பாகையைத் தொட்டு, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. புளோயரால் ஊதி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவினேன். 71 பாகைக்கு இறங்கியது. உறைந்து நிற்பது பெரும்பாலும் நின்றது. பேஸ்ட்டின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

இறந்த ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் எஸ்.எஸ்.டி. வைத்தேன். இதில் எனக்கு எவரோடும் வாதமே இல்லை. நிமிடத்திற்கு 7200 சுற்றுச் சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடிக்கு மேல் எடுக்கும். தேடும் இடம் முள்ளின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், முள் நகரும் நேரம் வேறு. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. ஆய்வுக் குறிப்புகளைத் திறப்பவனுக்கும் இது பயன்படும், ஆடுபவனுக்கு மட்டும் அன்று.

பிராசஸரையே மாற்றினால் என்ன என்பீர்கள். என் மதர்போர்டு ஆறாம், ஏழாம் தலைமுறைகளைத்தான் ஏற்கும். அதற்கு மேல் வேண்டுமானால் மதர்போர்டும் சேர்ந்து மாற வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-இன் பட்டியலில் என் பிராசஸருக்கு இடமில்லை. லினக்ஸுக்குப் போகலாம், ஆனால் வேலோரண்ட் அங்கே வராது. ஆகவே அந்தத் தலைமுறையில் பழைய ஐ7 தேடிப் பணம் கொட்டுவது சாகப்போகும் குதிரைக்கு வெள்ளி லாடம் அடிப்பதாகும். அந்தப் பணம் அடுத்த கணிப்பொறிக்காகக் காத்திருக்கட்டும்.

மிஞ்சியது ராம். ஒற்றை 8 ஜி.பி. துண்டோடு அதே வகையில் இன்னொன்று சேர்த்தால் அளவும் கூடும், இரு வழித்தடங்களும் திறக்கும். இதைச் சென்ற கோடையிலேயே செய்திருக்க வேண்டும். செயற்கை அறிவு நிலையங்களுக்கு நினைவுச் சில்லுகளை விற்பதில் உற்பத்தியாளர்கள் முனைந்துவிட்டனர். மைக்ரான் நிறுவனம் நம்போன்றோர் வாங்கும் குரூசியல் வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நேரு பிளேஸில் அந்த ஒரு துண்டுக்கு எனக்குச் சொன்ன விலை கோடையில் கேட்டதைப் போல் இரு மடங்குக்கு மேல். கடைக்காரர், "பையா, நாளை இன்னும் ஏறும்" என்றார். அவர் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம்.

கணக்குப் போட்டேன். துண்டின் விலையும் ஊருக்குப் போகும் டிக்கெட்டின் விலையும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன.

இந்தப் பொங்கலுக்கு மதுரைக்குப் போய்வந்தேன். மதினியின் தங்கை கைப்பேசியில் திருமணப் படங்கள் நாற்பது இருந்தன. எல்லாவற்றையும் எஸ்.எஸ்.டி.யில் ஒரு படி, அண்ணனிடம் ஒரு படி என்று எடுத்தாயிற்று. ராம் இன்னும் வாங்கவில்லை. புளோயர் என் அறையில்தான் இருக்கிறது, வேண்டுவோர் வந்து எடுத்துச் செல்லலாம்.