சும்மா இருக்கும்போது எத்தனை வாட்?

அக்கா மகன் ஒரு பட்டியல் அனுப்பி, "சரியா இருக்கான்னு பாருங்க மாமா" என்று கேட்டிருந்தான். வீட்டுப் படங்கள், வீடியோக்கள், தாத்தா காலத்துப் பத்திரங்களின் ஸ்கேன் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க ஒரு நாஸ் சர்வர் கட்டப்போகிறான். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைப்பதாக உத்தேசம். 8 கோர் பிராசஸர், 650 வாட் எஸ்எம்பிஎஸ், 4 டிபி டிஸ்க் நான்கு, 10 ஜிகாபிட் கார்டு. தனித்தனியே பார்த்தால் எல்லாமே நல்ல சாமான்தான். ஆனால் இது, மும்முரமாக வேலை நடக்கும் நேரத்தை மட்டும் மனதில் வைத்துப் போட்ட பட்டியல். வீட்டு சர்வரோ நாளின் பெரும்பகுதி எதுவும் செய்யாமல் விழித்திருக்கும் பெட்டி. ராத்திரி போன்களிலிருந்து படங்கள் வந்து சேரும், சாயங்காலம் யாராவது ஒரு சினிமா பார்ப்பார்கள். ஆகவே எந்தப் பாகத்தை எடுத்தாலும், சும்மா இருக்கும்போது அது எவ்வளவு கரண்ட் இழுக்கும், எவ்வளவு சத்தம் போடும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். 25 வாட் இழுக்கும் பெட்டிக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட் ஆகும். 80 வாட் இழுத்தால் 115. தமிழ்நாட்டில் 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கினார்கள். அதைவிட அதிகமாக ஒரே பெட்டி விழுங்கிவிடும். நமக்கு அடுக்குமுறைக் கட்டணம் வேறு. புதிதாகக் கூடுகிற யூனிட்டெல்லாம் அந்த வீடு தொட்டிருக்கும் உச்ச அடுக்கின் விலையில்தான் விழும்.

பிராசஸர் விஷயத்தில் பலரும் பெட்டியில் அச்சிட்ட வாட்டைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். 2023-ல் வந்த இன்டெல் என்100-ல் 6 வாட் என்று போட்டிருக்கும். சாதாரண ஐ3-ல் 60 வாட்டுக்கு அருகில் இருக்கும். அது வேலை செய்யும்போது உள்ள கணக்கு. சும்மா இருக்கையில் இரண்டுமே தம் உள்பகுதிகளை அணைத்துக்கொண்டு உறங்கிவிடும், வித்தியாசம் சில வாட்தான். அந்த உறக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கூடுதல் டிஸ்க் இணைக்கச் செருகும் சாட்டா கார்டு. அதிலுள்ள சிப் மின்சேமிப்பு நிலைக்கு ஒத்துழைக்காவிட்டால், பிராசஸர் முழுவதுமே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாது. மதர்போர்டிலேயே தேவையான சாட்டா போர்ட்டுகள் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட சிறிய டெஸ்க்டாப்புகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. இரண்டு டிஸ்க்குக்கு இடமிருக்கும் மாடல் அமைந்தால் அதுவே போதும் என்பேன்.

10 ஜிகாபிட் கார்டை எடுத்துவிடச் சொன்னேன். ஒரு ஜிகாபிட் வயரில் நொடிக்கு 110 எம்பி வரை போகும், சினிமா பார்க்க அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்தான் நான் அதிகம் வாதாடிய இடம். சப்ளை மின்சாரத்தை எவ்வளவு குறைவாக வீணடிக்கிறது என்று காட்டும் 80 பிளஸ் முத்திரைக்கான சோதனை 20, 50, 100 சதவீதச் சுமையில் நடக்கிறது. உயர்ந்த டைட்டானியம் தரத்துக்கு மட்டும் 10 சதவீதத்திலும் பார்ப்பார்கள். 650 வாட் சப்ளையில் 25 வாட் என்பது 4 சதவீதம். அந்த இடத்தில் அது எவ்வளவு வீணடிக்கும் என்று முத்திரை எதுவும் சொல்லாது. மறுபக்கம், ரொம்பச் சிறியதாகவும் எடுக்க முடியாது. 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். இரண்டு டிஸ்க்குக்கு 48 வாட், மற்றவை தனி. 120 வாட் அடாப்டரும் உள்ளே ஒரு சின்ன டிசி போர்டும் இதற்குத் தாராளம்.

டிஸ்க் நான்கு எதற்கு? அவனிடம் இப்போது இருப்பது 2 டிபிகூட இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கும் வெறுமனே சுற்றுவதற்கே 3 முதல் 5 வாட் கேட்கும். 8 டிபியில் இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி மிரர் செய்தால் பல வருடங்களுக்குக் கவலையில்லை. வாங்கும்போது அது எஸ்எம்ஆர் வகை இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்த வகையில் தடங்களைக் கூரைக்கு ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். ஒன்றைத் திருத்தினால் அடுத்தடுத்ததையும் திருப்பி எழுத வேண்டும். ஒரு டிஸ்க் செத்து, புதியதை முழுக்க நிரப்பும் நேரத்தில் அது தவழ ஆரம்பித்துவிடும். நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகள் சிலவும் இந்த வகைதான் என்பது 2020-ல்தான் வெளியே தெரிந்தது. அதன் பிறகே பழைய முறை டிஸ்க்குகள் ரெட் பிளஸ் என்ற பெயரில் பிரிந்தன.

சத்தமும் பெரும்பாலும் டிஸ்க்கிலிருந்துதான் வரும். 7200 சுற்று டிஸ்க் நொடிக்கு 120 முறை சுழல்கிறது, 5400 சுற்று டிஸ்க் 90 முறை. அதிர்வு தகர கேபினட்டுக்குள் இறங்கி, பக்கவாட்டுத் தகடு முழுவதும் ரீங்காரமிடும். ஓடும் பெட்டியின் தகட்டில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள், ஹம் என்ற ஒலி சட்டென்று பாதியாகும். கையை எடுத்ததும் திரும்ப எழும். இரண்டு டிஸ்க்கின் வேகமும் இம்மியளவு வேறுபட்டால் அந்த ஹம் ஏறி இறங்கி அலையடிக்கும். ராத்திரியில் காதைக் குடைவது அதுதான். திருகுக்கு அடியில் ரப்பர் வளையம், பெட்டிக்கு அடியில் தடித்த ஃபோம், இந்த இரண்டும் விலை உயர்ந்த கேபினட்டைவிட அதிகப் பலன் தரும். இரும்பு பீரோ மேல் மட்டும் வைக்கக் கூடாது.

ஃபேனே இல்லாமல் கட்டும் ஆசை அவனுக்கு இருந்தது. குளிர்நாட்டு அறையில் அது நடக்கலாம். மே மாதச் சென்னையில் அறையே 36 டிகிரியில் இருக்கும். டிஸ்க்கை 45-க்குள் வைத்திருக்கக் காற்றோட்டம் வேண்டும். 140 மிமீ ஃபேன் ஒன்றைப் பாதிக்கும் குறைவான வேகத்தில் ஓட்டினால் போதும். வேகம் பாதியானால் ஃபேன் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும், காதுக்கு அது மிகப் பெரிய இறக்கம்.

குறைந்த வாட்டின் இன்னொரு லாபம் கரண்ட் போகும்போது தெரியும். 600 விஏ யூபிஎஸ்ஸில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. 80 வாட் பெட்டியை அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். 25 வாட் பெட்டிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொடுக்கும். யூபிஎஸ்ஸை யூஎஸ்பி வயரில் சர்வரோடு இணைத்துவிட்டால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

புதுப் பட்டியலில் மிச்சமாகும் பணத்தில் ஒரு வெளி டிஸ்க் வாங்கச் சொல்லியிருக்கிறேன். மிரரில் ஒரு படத்தைத் தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழிந்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை நகல் எடுத்து, அந்த டிஸ்க்கை வேறொரு வீட்டில், அவன் பாட்டி வீட்டிலேயே கூட, கொடுத்து வைக்கட்டும்.