வாயிலில் நிற்கும் மொழி

கனடாவில் நிலையாகக் குடியமர வேண்டுகைப் படிவம் அணியமாக்கும் தமிழிளைஞரே! கல்விச்சான்று, பணிச்சான்று, கடவுச்சீட்டு என அடுக்குகின்றீர். அந்நாடு எதனை முதன்மையாக எடைபோடுகின்றது என எண்ணியதுண்டா?

மொழியை!

திறனாளரைத் தேர அந்நாடு 2013இல் திருத்திய அளவையைக் காண்க. 100 மதிப்பெண்ணில் மொழிக்கு 28, கல்விக்கு 25, பணிப்பட்டறிவுக்கு 15, அகவைக்கு 12. தேறுதற்கு 67 வேண்டும். அம்மொழி ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு. அந்நாட்டரசு ஏற்ற தேர்வெழுதி அதனை மெய்ப்பித்தல் வேண்டும். தமிழில் உள்ள சான்றையும் அவ்விரண்டில் ஒன்றிற் பெயர்த்தே தருதல் வேண்டும்.

இதனைக் குறையென்று நாம் கூறோம். தன் மனைக்குள் வருவோன் தன் மொழியறிந்து வருக என்பது தன்மானமுள்ள நாட்டின் இயல்பு. நம்மவரும் பொருள்கொடுத்துப் பயின்று, வாய்திறவாது அத்தேர்வை எழுதுகின்றனர். அங்கு முறையென்று ஏற்றதனை இங்குத் தமிழுக்குக் கேட்டால் மட்டும் மொழிவெறியென்பது என்ன நயன்மை?

தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956இல். அரசுப்பணிப் போட்டித் தேர்வுகளில் தமிழ்த்தாளைக் கட்டாயத் தகுதியாக்கிய ஆணை பிறந்ததோ 2021இல். இடையில் 65 ஆண்டுகள்! தன் வாயிலில் தன் மொழியை நிறுத்த நமக்கு இத்துணைக் காலம் வேண்டியிருந்தது.

செல்வோர் செல்க, உழைத்து உயர்க. ஆனால் ஒன்றை மறவாதீர். அப்படிவத்தில் தமிழுக்கு மதிப்பெண் இல்லை. அங்குப் பிறக்கும் உம் மக்களிடம் தமிழைக் கேட்கும் அரசும் இல்லை. கேட்க வேண்டியவர் நீவிரே! நும் இல்லத்து வாயிலிலேனும் தமிழ் நிற்கட்டும்!