ஆபரேஷன் சரி... கணக்கு எங்கே?

ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் பரமேஸ்வரவர்மன் காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்தில் கோயிலுக்குத் தானம் கொடுத்தான். ஊரை 25 பங்காக்கி, பாரதம் படிப்பவருக்கு ஒரு பங்கு என்பதுவரை செப்பேட்டில் வெட்டிவைத்தான்.

தானத்துக்கு அவ்வளவு கணக்கு. பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள பிள்ளைக்கு?

2008-ல் தமிழக அரசு இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். "இத்தனை ஆபரேஷன்" என்றால் கைதட்டுவோம். ஐந்து வருஷம் கழித்து அதில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்? அதைத் தேடுவதுதான் ஆராய்ச்சி!

பிரிட்டனின் பிரிஸ்டலில் இதய ஆபரேஷனில் குழந்தைகள் அதிகம் இறந்தது வெளியே வரக் காரணம், ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருந்து டாக்டர் சேர்த்த கணக்கு. விசாரணை அறிக்கை 2001-ல் வந்தது. இன்று அங்கே ஆஸ்பத்திரிவாரியாக முடிவுகள் பகிரங்கம்.

இங்கேயும் வெளியிடட்டும். வரவு மட்டும் எழுதிய பேரேட்டை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?