தீப்பெட்டிப் படமும் சரித்திரமே!

தீப்பெட்டிப் படம் சேர்க்காத பிள்ளை ஒரு காலத்தில் பசுவந்தனைப் பக்கம் இருந்திருக்குமா? அப்படிப் படம் ஒட்டிய நோட்டு ஒன்று பழைய புத்தகக் கடையில் அகப்பட்டால், குப்பை என்று தள்ளிவிடாதீர்கள், நேயர்களே! முதல் பக்கத்தில் பெயரும் வகுப்பும் எழுதி, 'யாரும் எடுக்கக் கூடாது' என்று ஒரு பையன் மிரட்டியிருப்பான்.

1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தொழில், சிவகாசியிலிருந்து கோவில்பட்டிச் சீமைக்கும் பரவியது. மழை பொய்த்த வருஷங்களில் பெட்டி ஒட்டிய கூலியில்தான் எத்தனையோ கரிசல் வீடுகளில் உலை கொதித்தது. அந்தக் கைகளுக்கு இந்தப் படங்கள்தாமே சாட்சி?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்துவைத்தார். இன்று அவை சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகப் பயன்படுகின்றன.

ஆகவே, அந்த நோட்டை வாங்கிவிடுங்கள். பெயர் எழுதிய பக்கத்தை மட்டும் கிழித்துவிடாதீர்கள்!